இறக்கத்தின் சூடு

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர். ஏரியைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் காப்பியும் மிளகும் வளர்க்கிறவர் உர மூட்டைக்கோ ஆஸ்பத்திரிக்கோ பிள்ளையின் கல்லூரிக்கோ சேலம் போக வேண்டுமென்றால் இடையில் உள்ள 1200 மீட்டரை இறங்கித்தான் ஆக வேண்டும். சேலம் மலைப்பாதை அந்த உயரத்தை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மடித்து வைத்திருக்கிறது. ஏறும்போது பெட்ரோலை எரித்துச் சேர்த்த உயரம் அது. இறங்கும்போது அந்த ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். எங்கே போகிறது?

ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். நான்கு பேரும் பைகளுமாக 1200 கிலோ. எடை, உயரம், புவியீர்ப்பு மூன்றையும் பெருக்கினால் 14 மெகாஜூல் வருகிறது. 45 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம் அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு வேளை குளிக்க வெந்நீர் போடும் அளவு. அது பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டியது தண்ணீர் அல்ல, முன் சக்கரங்களுக்குள் இருக்கும் இரண்டு இரும்புத் தட்டுகள்.

இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து 10 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். டயர் உருள்வதிலும் காற்றை விலக்குவதிலும் நான்கு மெகாஜூல் வரை கழிந்துவிடும், மீதி பத்து. அந்தப் பத்தும், கொஞ்சமும் ஆறாமல், இந்த 10 கிலோ வார்ப்பிரும்புக்குள் போனால் அதன் வெப்பநிலை 2000 டிகிரியைத் தாண்டும். வார்ப்பிரும்பு 1200 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். அடிவாரத்தில் எந்தக் காரின் டிஸ்க்கும் உருகி ஒழுகுவதில்லை. அதனால் இரண்டு விஷயம் தெரிகிறது: டிஸ்க் போகும் வழியிலேயே ஆறிக்கொண்டு வருகிறது, பத்தில் பெரும்பங்கை வேறு யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வேறு யாரோவிடம் பிறகு வருவோம்.

இப்போது சேலத்திலும் கோவையிலும் அலாய் வீல் கடைகளுக்குப் போகும் இளைஞர்களின் ஆசையைப் பார்ப்போம். கம்பெனி கொடுத்த 14 இன்ச் இரும்பு வீலை எடுத்துவிட்டு 16 இன்ச் அலாய் போடுகிறார்கள். ஐந்து ஒல்லி ஸ்போக்குகளுக்கு நடுவே பெரிய வெளி திறந்துகொள்கிறது. அந்த வெளிக்குள் பழைய டிஸ்க் சின்னஞ்சிறிதாக, கொஞ்சம் துருவோடு உட்கார்ந்திருப்பது கண்ணை உறுத்துகிறது. இனி அதையும் பெரிதாக்க வேண்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் கேலிப்பருக்குச் சிவப்புப் பெயின்ட் வேண்டும். இந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. நல்ல பொறியியலில் பாதி, ஏதோ ஒன்று கண்ணை உறுத்துவதில்தான் தொடங்குகிறது. ஆனால் பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காரை நிறுத்துவது பிரேக் அல்ல. பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. காரை நிறுத்துவது டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே உள்ள பிடிமானம். காய்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்றால், மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் பிரேக் பிடித்த கணத்திலிருந்து 18 மீட்டர் அளவில் நிற்கும். இந்தக் கணக்கில் காரின் எடைகூட வராது. டிஸ்க்கின் விட்டம் எங்கே வரப்போகிறது? பெடலை ஓங்கி மிதித்தால் உங்கள் பழைய பிரேக்கே சக்கரத்தை லாக் ஆக்குகிறதா, அல்லது ஏ.பி.எஸ். படபடவென்று காலில் உதைக்கிறதா? ஆம் என்றால், டயர் தரக்கூடியதை முழுதாகக் கறக்கும் பலம் அந்தப் பிரேக்குக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் பெரிய டிஸ்க் போட்டாலும் முதல் தடவை நிற்கும் தூரம் குறையாது. குறைய வேண்டுமென்றால் அந்தக் காசில் நல்ல டயர் வாங்க வேண்டும்.

பெரிய டிஸ்க் தருவது முதலில் நெம்புகோல் பலம். பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு முறுக்கு. பிடிக்கும் ஆரம் 103 மில்லிமீட்டரிலிருந்து 125-க்குப் போனால், அதே கால் அழுத்தத்துக்கு 20 சதவீதம் கூடுதல் முறுக்கு கிடைக்கும். பெடல் இலகுவாகும், அதைத்தான் ஓட்டுகிறவர் ‘பிரேக் சூப்பரா பிடிக்குது’ என்கிறார். முன்னால் மட்டும் 20 சதவீதம் கூடினால் முன்பின் பங்கீடு கெடும் என்பதை அவர் கவனிப்பதில்லை. முன் சக்கரம் சீக்கிரமே பிடிமானத்தின் எல்லையைத் தொட்டுவிட, பின் சக்கரம் செய்திருக்க வேண்டிய வேலை செய்யப்படாமல் நிற்கும். நிற்கும் தூரம் கூடினாலும் கூடலாம்.

கேலிப்பரில் நான்கு பிஸ்டன் இருப்பதாலேயே பலம் கூடிவிடும் என்று நினைப்பதும் அப்படித்தான். ஒரே ஒரு 54 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 23 சதுர சென்டிமீட்டர். நான்கு பிஸ்டன் கேலிப்பரில் ஒரு பக்கத்துக்கு 38 மில்லிமீட்டர் பிஸ்டன் இரண்டு. கூட்டிப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய 23. இறுக்கும் விசை ஒன்றுதான். நீளமான பேடைச் சீராக அழுத்தவும், வளையாமல் இறுகி நிற்கவும் அந்த நான்கும் உதவுகின்றன. பெடல் காலுக்குக் கெட்டியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பெரிய டிஸ்க்கின் உண்மையான வரவு சூட்டில் இருக்கிறது. இரும்பு கூடினால் அதே வெப்பத்துக்கு வெப்பநிலை குறைவாக ஏறும். பரப்பு கூடினால் வேகமாக ஆறும். டிஸ்க் பிரேக்கின் வரலாறே சூட்டோடு நடந்த தகராறுதான். பிரிட்டனில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனாலும் உலகம் அரை நூற்றாண்டு டிரம் பிரேக்கோடுதான் ஓடியது. டிரம் சூடானால் விரிந்து உள்ளே இருக்கும் ஷூவைவிட்டு விலகும். பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். டிஸ்க் சூடானால் பேடை நோக்கியே தடிக்கும். 1953-ல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு முறை நிறுத்துவதில் டிரம்மும் சளைத்ததல்ல. விடிய விடிய, சுற்றுக்குச் சுற்று நிறுத்த வேண்டியபோது டிஸ்க் ஜெயித்தது.

சரி, சூட்டுக்காகவே பெரிதாகப் போடுகிறேன் என்கிறவருக்கு அடுத்த கேள்வி: சக்கரத்துக்குள் இடம் இருக்கிறதா?

14 இன்ச் வீல் என்றால் டயர் உட்காரும் வளையத்தின் விட்டம் 355 மில்லிமீட்டர். அது வெளிக்கணக்கு. டயரை மாட்ட வசதியாக ரிம் நடுவில் பள்ளமாக இறங்கும். உலோகத்தின் தடிமன் வேறு. இவை போக உள்ளே எஞ்சுவது 320 அளவில், அதாவது ஆரம் 160. கேலிப்பர் டிஸ்க்கின் விளிம்புக்கு மேலே பாலம்போல் வளைந்து நிற்கிறது. அதற்கு 25 போய்விடும். ரிம்மில் உரசாமல் இருக்க 3 மில்லிமீட்டர் இடைவெளி. எஞ்சும் ஆரம் 132. டிஸ்க்கின் விட்டம் 264. 14 இன்ச் வீல் வரும் சிறிய கார்களின் டிஸ்க் பெரும்பாலும் 260-க்குள் முடிந்துபோவது இதனால்தான். கம்பெனியின் கஞ்சத்தனம் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. 16 இன்ச் வீலில் இதே கணக்கு 310-ஐத் தாண்டும்.

இந்தக் கணக்கு விட்டத்தை மட்டும் பார்க்கிறது. வம்பு பெரும்பாலும் இன்னொரு திசையில் காத்திருக்கும். கம்பெனியின் ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரில் பிஸ்டன் காரின் உள்பக்கம் இருக்கும். வெளிப்பக்கம் விரல்போல மெல்லிய கொக்கி மட்டுமே. நான்கு பிஸ்டன் கேலிப்பரில் வெளிப்பக்கமும் இரண்டு பிஸ்டன் இருப்பதால் அது ஸ்போக்கை நோக்கி வயிறு தள்ளி நிற்கும். இரண்டு வீல்கள் ஒரே 16 இன்ச், ஒரே அகலம், ஒரே ஆஃப்செட். ஒன்று மாட்டும், மற்றது இடிக்கும். ஆஃப்செட் என்பது ஹப்பில் பதியும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம். அந்த முகத்திலிருந்து கிளம்பும் ஸ்போக் வெளியே வளைந்து போகிறதா, நேராக ஓடுகிறதா என்று அந்த எண் எதுவும் சொல்லாது. வீலின் மேல் பொறித்த எழுத்துகளை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் தெரியாது.

அட்டைதான் சொல்லும். கேலிப்பரின் பக்கத்தோற்றத்தை முழு அளவில் தடித்த அட்டையில் வெட்டி, ஹப் முகத்தில் சரியாகப் பதித்து, வீலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார்கள். எல்லா ஸ்போக்கையும் தாண்ட வேண்டும். தாண்டியபின் ரிம்மின் உட்புறம் ஒட்டியிருக்கும் பேலன்சிங் ஈயத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு மில்லிமீட்டர் ஈயக்கட்டி நின்றால் முதல் சுற்றிலேயே பிய்ந்துகொண்டு போகும். வளைவில் வீல் கொஞ்சம் வளையும், சூட்டில் கேலிப்பர் கொஞ்சம் பெருக்கும்; எனவே அந்த மூன்றையும் இரண்டாக்க யாரும் ஆசைப்படக் கூடாது. மலைச்சாலையில் இன்னொன்று உண்டு. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையை உடைத்த ஜல்லி, பேர்த்த தார் ஓரங்களில் எப்போதும் சிதறிக் கிடக்கும். அதில் ஒரு சில்லு கேலிப்பருக்கும் ரிம்மின் உட்சுவருக்கும் நடுவில் மாட்டினால், கிரீச்சென்ற சத்தத்தோடு ரிம்மைச் சுற்றிலும் ஒரே கோடாகக் காடி வெட்டிவிடும். கழற்றிப் பார்த்தால் கடைசல் மெஷினில் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும்.

இடிக்கிறது என்றால் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளிவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார். தள்ளலாம். நட் பிடிக்கும் மரையும் ஐந்து மில்லிமீட்டர் குறையும். நீளமான ஸ்டட் போடாமல் இதைச் செய்வது ஆபத்து. ஹப் துளையில் வீல் மையமாக உட்காரும் உதடும் ஸ்பேசருக்குள் மூழ்கிவிடும். பிறகு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் ஏன் நடுங்குகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஸ்டெப்னியை யாரும் நினைப்பதே இல்லை. டிக்கியில் கிடப்பது பழைய 14 இன்ச் இரும்பு வீல். பெரிய கேலிப்பர் மாட்டிய முன் சக்கரம் நடுவழியில் பஞ்சரானால் அது முன்னால் ஏறவே ஏறாது. பின் சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்ட வேண்டும். ஒன்பதாவது வளைவில், மேலேயும் கீழேயும் பஸ் ஹார்ன் அடிக்க, இரண்டு முறை ஜாக்கி போட்டு.

வீலை மட்டும் பெரிதாக்கி பிரேக்கை அப்படியே விட்டவர் அதைப் பலவீனப்படுத்தியும் இருக்கலாம். 175/65 R14 டயரின் முழு விட்டம் 583 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 195/60 R15 போட்டால் 615. ஐந்தரை சதவீதம் கூடுதல். டயர் சாலையைத் தொடும் இடம் மையத்திலிருந்து விலகியதால், அதே பிரேக் முறுக்கு சாலையில் ஐந்து சதவீதம் குறைவான விசையாகவே போய்ச் சேரும். எஞ்சினின் இழுப்புக்கும் எஞ்சினின் தடைக்கும் இதே கதி. ரிம்மைக் கூட்டும்போது டயரின் பக்கச்சுவரைக் குறைத்து மொத்த விட்டத்தைக் காப்பாற்ற வேண்டும்: 165/80 R14, 185/65 R15, 195/55 R16 மூன்றும் 620 மில்லிமீட்டரை ஒட்டியே வரும். பக்கச்சுவர் மெலிந்த டயர் குழியில் விழுந்தால் ரிம்மே அடி வாங்கும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

ஆக, இடம் பார்த்து, அட்டை வெட்டி, சரியான டயரோடு பெரிய பிரேக் மாட்டியாயிற்று. ஏற்காட்டிலிருந்து இறங்குகிறோம். எவ்வளவு உதவும்?

பந்தயப் பாதையில் நிறைய உதவும். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ கார் மிக வேகமாக வந்து, சில நொடிகளில் ஏராளமான சூட்டை டிஸ்க்கில் கொட்டி, உடனே அடுத்த நேர்ப்பாதையில் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும். கொட்டும் சூட்டைத் தாங்க இரும்பு வேண்டும், ஆற்றக் காற்று கிடைக்கும். பெரிய பிரேக் பிறந்த இடம் அது. மலை இறக்கத்தில் நிலைமை நேர் எதிர். சூடு சிறுகச் சிறுகத்தான் வருகிறது, ஆனால் நிற்பதே இல்லை. காற்றும் இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 250 சுற்றுதான் சுற்றுகிறது. டிஸ்க்கின் நடுவே உள்ள காற்றுப் பள்ளங்கள் விசிறிபோல் வேலை செய்ய அது போதாது. கூடுதல் இரும்பு உங்களுக்குக் கூடுதல் வளைவுகள் சிலவற்றை வாங்கித் தரும். பாதி வழியில் பிரேக் காய்ந்துபோகும் காரை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோகும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கும் பழக்கத்தை அது சரிசெய்யாது.

அந்த ‘வேறு யாரோ’ எஞ்சின்தான். மலைப்பாதை 22 கிலோமீட்டர், வேகம் 30 என்றால் இறங்க முக்கால் மணி நேரம். பத்து மெகாஜூலை அந்த நேரத்தால் வகுத்தால் சராசரியாக 3.8 கிலோவாட். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இரண்டாம் கியரில் சக்கரங்கள் இழுத்துச் சுற்றினால், பிஸ்டன் உராய்வும் மூடிய திராட்டிலை எதிர்த்து உறிஞ்சும் உழைப்புமாக அது விழுங்குவது தோராயமாக 4 கிலோவாட். கிட்டத்தட்ட முழுக் கணக்கும் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சூடு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடும். அதற்கென்றே கட்டிய வழிகள் அவை. பிரேக்குக்கு மிச்சம் இருப்பது வளைவுக்கு முன் வேகத்தைச் சற்றுத் தட்டிக் கொடுப்பது மட்டும். ஆயிரக்கணக்கான ரூபாய் செலவழித்து வாங்கும் டிஸ்க்கைவிடக் கியர் கம்பியை ஒரு நிலை பின்னால் தள்ளுவது அதிகம் சாதிக்கிறது.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் ஏதோ கொஞ்சம் உண்மை இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கியரோடு இறங்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் எரியும். நாலு சொட்டு பெட்ரோலைக் கூடுதலாகச் செலவழித்து, பத்து மெகாஜூலையும் டிஸ்க்கின் தலையில் கட்டுகிற வேலை அது.

லாரிக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட், மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்குப் போனது. ஏறும்போது காலி, இறங்கும்போது முழுப் பாரம்; பிரேக்குக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. 16 டன் லாரி இதே 1200 மீட்டர் இறங்கினால் 190 மெகாஜூலை எட்டும். எஞ்சினின் புகைவழியையே அடைத்து எதிர்த்தடை உண்டாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் கனரக வண்டிகளில் வந்தது இதற்காகத்தான். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது லாரி டிரைவர்களின் பழைய பாடம். இயற்பியலும் அதற்கு மேல் பெரிதாகச் சேர்க்கவில்லை.

மின்சாரக் கார் இதை வேறு மாதிரித் தீர்க்கிறது. மோட்டாரே ஜெனரேட்டராகி இறக்கத்தின் ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பும். 14 மெகாஜூல் என்பது ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம். இழப்புகள் போக இரண்டு யூனிட்டாவது கைக்கு வரும். ஆனால் ராத்திரி முழுக்க ஏற்காட்டு விடுதியில் சார்ஜ் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு கிளம்பினால் திருப்பி வாங்க பேட்டரியில் இடமே இருக்காது. முதல் சில கிலோமீட்டர்களுக்குப் பெரும்பாலான வேலை பழையபடி டிஸ்க்குக்குத்தான். மேலே எண்பதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

சூட்டுக்கு முதலில் பலியாவது டிஸ்க் அல்ல. பேடில் உள்ள பிசின் கருகி வாயுவைக் கக்கும். பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. அதைவிட மோசம் பிரேக் ஆயில் கொதிப்பது. பெரும்பாலான கார்களில் ஊற்றும் பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது; காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் 3.7 சதவீதம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு 205-உம் 140-உம். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்கினால் விசை கடத்தும். குமிழை அமுக்கினால் குமிழ்தான் சுருங்கும். பெடல் தரை வரை போகும். மூடுபனியும் மழையுமாக ஆண்டில் பாதி நனைந்து கிடக்கும் நாகலூர் போன்ற ஊரில் வண்டி வைத்திருப்பவர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றி ஏர் எடுப்பதற்குச் செலவழிக்கும் காசு, நான் பார்த்தவரை, பெரிய டிஸ்க்குக்குக் கொடுக்கும் காசைவிட உருப்படியானது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஏ.பி.எஸ். கணிப்பொறி எந்த டிஸ்க், எந்த டயர் என்று கணக்குப் போட்டு அமைக்கப்பட்டது என்பதை நினைத்தால் இந்தத் தடையில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அடிவாரம் வந்ததும் பலர் டீக்கு நிறுத்துகிறார்கள், ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு. கருகிய பேடின் வாசனையை அங்கே எந்த ஞாயிற்றுக்கிழமையும் முகரலாம். கார் நின்றதும் கொஞ்சநஞ்சக் காற்றும் நின்றுபோகிறது. டிஸ்க்கின் சூடு பேடுக்கும், பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் மெல்ல நகர்கிறது. ஆயில் அதிகமாகச் சூடாவது இறங்கும்போது அல்ல, நிறுத்திய சில நிமிடங்களில். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி முதல் ஸ்பீட் பிரேக்கரில் பெடல் உள்ளே போவது இதனால்தான். நிற்காமல், பிரேக்கை அதிகம் தொடாமல், சமதளத்தில் சேலத்துக் கோரிமேடு வரை ஓட்டிப் போனால் டிஸ்க் தன் போக்கில் ஆறிவிடும். டீக்கடை அங்கேயும் இருக்கிறது.